‘எக்ஸ்டென்ஷன்’: விரிவாக்கமா, நீட்டிப்பா?

‘கறுப்பினப் பல்கலைக்கழகங்களின் விரிவாக்கத்துக்கு அமெரிக்க அரசு நிதி.’ இப்படியொரு தலைப்பைப் படித்தால் நமக்கு என்ன தோன்றும்? புதிய வகுப்பறைகள், கூடுதல் விடுதிகள், வளாகத்துக்கு இன்னும் சில ஏக்கர். சாலை விரிவாக்கம், பேருந்து நிலைய விரிவாக்கம் என்று நாள்தோறும் படித்துப் பழகிய கண் வேறெப்படிப் படிக்கும்? மொழிபெயர்ப்புப் பிரதிகளைத் திருத்தும் வேலையில் இந்தக் குழப்பத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். செய்தி சொல்வது கட்டடத்தைப் பற்றியே அல்ல. கல்லூரியில் கண்டறிந்ததை வயலில் நிற்கும் உழவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் ‘எக்ஸ்டென்ஷன்’ என்று பெயர். அந்த வேலைக்கான பணம் இது.

சொல்லின் வேர் லத்தீன். ‘எக்ஸ்’ என்றால் வெளியே. ‘தெந்தெரே’ என்றால் இழு, நீட்டு. கல்விக்கு இந்தச் சொல் வந்த இடம் இங்கிலாந்து. 1867இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர் வட இங்கிலாந்து நகரங்களுக்குப் போய்ப் பெண்களுக்குச் சொற்பொழிவுகள் நடத்தினார். பல்கலைக்கழகத்துக்குள் கால் வைக்க முடியாதவர்களிடம் பல்கலைக்கழகமே போகட்டும் என்பதுதான் எண்ணம். 1873இல் கேம்பிரிட்ஜ் இதை முறையான திட்டமாக ஏற்றுக்கொண்டது. அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போன சொல், உழவோடு ஒட்டிக்கொண்டது.

தமிழில் இதற்கு நிலைத்துவிட்ட சொல் ‘விரிவாக்கம்’. தமிழ்நாட்டில் வட்டாரந்தோறும் வேளாண்மை விரிவாக்க மையம் இருக்கிறது. விதை வாங்கப் போகிறவர்களுக்கு அந்தப் பெயர்ப் பலகை பழக்கமானது. இலங்கையிலும் விவசாய விரிவாக்கம் என்றே எழுதுகிறார்கள். ஆனால் ஊருக்கு வரும் அலுவலரை ‘விவசாயப் போதனாசிரியர்’ என்பார்கள். போதிக்க வருகிறவர் என்ற பொருள் அதில் தெளிவாக இருக்கிறது. டச்சு மொழியில் இதே பணிக்கு ‘வோர்லிக்டிங்’ என்று பெயர்: முன்னால் விளக்குப் பிடித்து வழிகாட்டுவது. சொல்லிலேயே வேலை தெரிகிறது.

நம் ‘விரி’யில் அது அவ்வளவு எளிதில் தெரிவதில்லை. தொகை, வகை, விரி என்று இலக்கணம் சொல்லும்போது, சுருக்கமாக இருந்ததைப் பரப்பிச் சொல்வது விரி. பூ விரிகிறது, குடை விரிகிறது. இருந்த இடத்திலிருந்தபடியே அகலமாவது அதன் இயல்பு. ‘நீட்டு’ அப்படியல்ல, எதிரே ஒருவர் இருந்தால்தான் கையை நீட்டுவதற்குப் பொருள் உண்டு. அப்படியானால் ‘நீட்டிப்பு’ என்று மாற்றிவிடலாமா? முடியாது. பணி நீட்டிப்பு, காலக்கெடு நீட்டிப்பு என்று அந்தச் சொல்லை அரசாணைகள் எடுத்துக்கொண்டுவிட்டன. போகட்டும், வீட்டுக்கு வந்தவருக்குப் பாய் விரிப்பதும் ‘விரி’தானே? எனக்கு ‘விரிவாக்கம்’ மேல் வருத்தமில்லை. அதைத் துணையில்லாமல் தனியே விடுவதுதான் தவறு.

சொல் குறிக்கும் வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகிக்குப் போக வேண்டும். அடிமைத்தளையில் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன் 1881 முதல் நடத்திய கல்விக்கூடம் அது. 1896இல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் அங்கு வேளாண்மை கற்பிக்க வந்தார். சுற்றுவட்டாரம் முழுவதும் பருத்தி. ஆண்டுக்காண்டு பருத்தியே போட்டு மண் சத்திழந்து கிடந்தது. தட்டைப்பயறு போடுங்கள், நிலக்கடலை போடுங்கள், சர்க்கரைவள்ளி நடுங்கள் என்றார் கார்வர். சொன்னால் யார் வந்து கேட்பது? விளைச்சலில் பங்கு கொடுத்து வார நிலத்தில் உழைக்கும் கறுப்பினக் குடியானவருக்குக் கல்லூரி வாசல் தொலைவு. 1906இல் ஒரு வண்டி புறப்பட்டது. நியூயார்க் செல்வந்தர் மோரிஸ் ஜெசப் பணம் கொடுத்ததால் அதற்கு ஜெசப் வண்டி என்று பெயர். கலப்பையும் வெண்ணெய் கடையும் கருவியும் பாலைச் சோதிக்கும் கருவியும் ஏற்றிக்கொண்டு அது ஊர் ஊராகப் போனது. வயலில் நிறுத்தி, அங்கேயே உழுது காட்டினார்கள். அதே ஆண்டு நவம்பரில் தாமஸ் மன்ரோ கேம்ப்பெல் மத்திய வேளாண் துறையின் முதல் கறுப்பின விரிவாக்கப் பணியாளரானார். பிற்காலத்தில் வண்டி மோட்டார் லாரியானது. செவிலியரும் அதில் ஏறிக்கொண்டார்.

கவனியுங்கள்: இந்தப் பணிக்கு நாடு தழுவிய சட்டம் வந்தது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1914இல். ஸ்மித்-லீவர் சட்டம் என்பார்கள். மத்திய அரசு ஒரு பங்கு, மாநிலம் ஒரு பங்கு போட்டு நடத்தும் கூட்டு ஏற்பாடு. ஒரு மாநிலத்தில் இந்தப் பணிக்கு உரிய கல்லூரிகள் இரண்டு இருந்தால், பணம் எந்தக் கல்லூரிக்கு என்பதை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்யலாம் என்றது சட்டம். தென்மாநிலங்களில் அந்தச் சட்டமன்றங்கள் யார் கையில் இருந்தன என்று சொல்லத் தேவையில்லை. பணம் வெள்ளையர் கல்லூரிகளுக்கே போனது. வண்டி கட்டி வழி காட்டியவர்கள், அந்தக் கல்லூரிகளின் கீழ் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். இதை எழுதும்போது இன்றும் மனம் கசக்கிறது.

ஒரு மாநிலத்தில் எப்படி இரண்டு கல்லூரிகள் வந்தன? அதற்கு ‘லேண்ட் கிராண்ட்’ என்ற இன்னொரு சொல்லையும் அவிழ்க்க வேண்டும். 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தது. பூர்வகுடிகளிடமிருந்து எடுத்த நிலம் அது. அந்த வருவாயில் எழுந்தவை நிலக்கொடைக் கல்லூரிகள். தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரை அவை சேர்க்கவில்லை. 1890இல் வந்த இரண்டாம் மோரில் சட்டம், சேர்த்துக்கொள் அல்லது அவர்களுக்கெனத் தனிக் கல்லூரி காட்டு என்றது. தனிக் கல்லூரிகள் வந்தன. அவற்றைத்தான் இன்று ‘1890 பல்கலைக்கழகங்கள்’ என்கிறார்கள். டஸ்கீகியையும் சேர்த்து மொத்தம் 19. ஆனால் அந்தச் சட்டம் நிலம் தரவில்லை, ஆண்டுதோறும் ரொக்கம் தந்தது. ஆகவே இவற்றுக்கு ‘நிலக்கொடை’ பொருந்தாது. ‘மானியம்’ பொருந்தும். கோயிலுக்கும் ஊர்ப்பணிக்கும் விட்ட நிலத்தை மானியம் என்றோம். இன்று அரசு தரும் பணத்தையும் மானியம் என்கிறோம். நிலமும் பணமும் ஒரே சொல்லில் அடங்கும் வசதி தமிழுக்கு இங்கே இருக்கிறது. ‘1890 மானியப் பல்கலைக்கழகங்கள்’ என்று தயங்காமல் எழுதலாம்.

விரிவாக்கப் பணிக்கு இந்தப் பல்கலைக்கழகங்களுக்கெனச் சட்டத்திலேயே தனி நிதிப் பிரிவு வந்தது 1977இல். ஸ்மித்-லீவர் சட்டத்திலிருந்து எண்ணினால் 63 ஆண்டுகள். அதன் பிறகும் ஒரு முடிச்சு இருக்கிறது: இணைநிதி. மத்திய அரசு ஒரு டாலர் கொடுத்தால் மாநிலமும் ஒரு டாலர் போட வேண்டும். 1890 பல்கலைக்கழகங்கள் விஷயத்தில், மாநிலம் போடாவிட்டால் பாதிவரை விலக்குக் கேட்கலாம். விலக்கு என்றதும் சலுகைபோலத் தெரியும். நடைமுறையில், மாநிலங்கள் தம் பங்கைக் குறைக்கத் திறந்துவிட்ட கதவு அது. 1862 சட்டத்தால் எழுந்த கல்லூரிகளுக்கு இத்தகைய விலக்கு இல்லை. மாநிலங்கள் அவற்றுக்குத் தம் பங்கைத் தயங்காமல் போடுகின்றன, பல இடங்களில் அதற்கு மேலும் போடுகின்றன. 2023 செப்டம்பரில் மத்தியக் கல்வி அமைச்சரும் வேளாண் அமைச்சரும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அதில் சொன்ன கணக்குப்படி, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக 1890 பல்கலைக்கழகங்களுக்கு மாநிலங்கள் குறைத்துக் கொடுத்த தொகை மொத்தம் 1,200 கோடி டாலருக்கு மேல். டென்னசி மாநிலத்தில் மட்டும் சுமார் 210 கோடி. இது விரிவாக்கப் பணிக்கு மட்டுமான கணக்கன்று, மாநில நிதி முழுவதற்குமானது.

இனி, எழுதும் முறை. ‘எக்ஸ்டென்ஷன்’ என்பதை ‘வேளாண் விரிவாக்கப் பணி’ என்று எழுதுங்கள். ‘பணி’ சேர்ந்துவிட்டால் யாரும் கட்டடம் என்று மயங்க மாட்டார்கள். அலுவலரை ‘விரிவாக்கப் பணியாளர்’ என்று சொல்லவும் அதுவே வழிவிடும். ‘ஹிஸ்டாரிக்கலி பிளாக்’ என்று ஆங்கிலத்தில் சொல்வதற்கு ‘வரலாற்று ரீதியாகக் கறுப்புப் பல்கலைக்கழகம்’ என்ற சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு வேண்டாம். 1964க்கு முன்பு கறுப்பின மக்களின் கல்விக்கெனத் தொடங்கியவை என்பதே சட்டம் தரும் பொருள். ‘கறுப்பினத்தவருக்கெனத் தோன்றிய பல்கலைக்கழகங்கள்’ என்றால் போதும். முதலில் சொன்ன தலைப்பை நான் இப்படித் திருத்துவேன்: ‘கறுப்பினத்தவருக்கெனத் தோன்றிய பல்கலைக்கழகங்களின் வேளாண் விரிவாக்கப் பணிக்கு நிதி.’ நீளம்தான். ஒரு வரி கூடுதலாக இடம் ஒதுக்கச் சொல்லிப் பக்க வடிவமைப்பாளரிடம் கேட்டுக்கொள்வேன்.