பேஸ் கிட்டார்: விரலுக்கு எவ்வளவு, கருவிக்கு எவ்வளவு?

1960களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், மோட்டவுன் இசை நிறுவனத்தின் ஸ்டூடியோவில் பதிவான ஏராளமான பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அவரிடம் இருந்த சாமான்கள் கொஞ்சம்தான். 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் ஒன்று. அதில் மேற்பரப்பு தட்டையான சுற்றுக்கம்பிகள். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். பிரிட்ஜ் (கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) அருகே கம்பிகளுக்கு அடியில் ஒரு ஃபோம் துண்டு. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டுவார். பதிவின்போது பெரும்பாலும் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்கூடக் கிடையாது. வயர் நேராக ஒலிக்கலவை மேசைக்குப் போய்விடும்.

அதே மாடல், அதே வகைக் கம்பி, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் அதே பிக்கப் என்று எல்லாமே இன்று கடையில் கிடைக்கின்றன. வாங்கி மாட்டியவர்களுக்கு அந்த ஒலி மட்டும் வருவதில்லை. இதற்கான காரணத்தை இயற்பியலே தெளிவாகச் சொல்கிறது, அதனால்தான் இந்த விஷயம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

வழக்கமான பேஸில் அதிரும் கம்பியின் நீளம் 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். நான்கில் மிகத் தடித்த ஈ கம்பியைச் சும்மா மீட்டினால் நொடிக்கு 41.2 முறை அதிரும். ஆனால் அது அந்த ஓர் அதிர்வோடு நிற்காது. அதே நேரத்தில் இரண்டு பாகமாக 82.4, மூன்று பாகமாக 123.6, நான்கு பாகமாக 164.8 ஹெர்ட்ஸ் என்று மேலே மேலே அதிர்ந்துகொண்டே இருக்கும். இவை ஹார்மோனிக்குகள். எந்த ஹார்மோனிக் எவ்வளவு என்ற கலவையைத்தான் நாம் 'டோன்' என்கிறோம்.

அந்தக் கலவையை முதலில் தீர்மானிப்பது, விரல் கம்பியைத் தொடும் இடம். பிரிட்ஜிலிருந்து கம்பி நீளத்தில் நான்கில் ஒரு பங்கு தள்ளி, சுமார் 216 மில்லிமீட்டரில் மீட்டுங்கள். நான்காவது ஹார்மோனிக்குக்கு அந்த இடம் அசையாப் புள்ளி, அதனால் அது பிறக்கவே பிறக்காது. மூன்றாவது, அடிப்படை அதிர்வில் ஒன்பதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். இப்போது கையை பிரிட்ஜ் பக்கம் நகர்த்தி 70 மில்லிமீட்டரில் மீட்டினால், மூன்றாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக உயரும், நான்காவதும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு எழுந்துவிடும். கை ஒரு சாண் தூரம்கூட நகரவில்லை. உருண்டு திரண்டிருந்த ஒலி அதற்குள் நறுக்கென்று கூர்மையாகிவிடுகிறது. இதற்கு ஈடான மாற்றத்தை ஒலியை மாற்றும் ஒரு பெடலை வாங்கிப் பெற முயல்வது வீண் செலவு என்றே நினைக்கிறேன்.

மீட்டும் இடத்தில் அசையாப் புள்ளி கொண்ட ஹார்மோனிக் எழாது என்ற இந்த விதி தாமஸ் யங் 200 ஆண்டுகளுக்கு முன்பே கண்டது. இதில் நம் ஊர்த் தொடர்பு ஒன்றும் உண்டு. வீணையிலும் தம்புராவிலும் இந்த விதி செல்லாது என்று 1921இல் காட்டியவர் சி.வி. ராமன். அவற்றின் அகன்ற, வளைந்த பிரிட்ஜின் மேல் கம்பி பட்டும் படாமலும் உரசி எழுவதால், எழக்கூடாத ஹார்மோனிக்குகளும் எழுந்துவிடுகின்றன. தம்புராவின் ரீங்காரம் அதுதான். பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ், ஃபிரெட்டுகள் (குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) இல்லாத தன் ஜாஸ் பேஸின் விரல்பலகையில் எபாக்சி பிசின் பூசி வாசித்தாரே, அந்தப் பாடும் ஒலிக்கும் பின்னால் இதன் உறவுக்கார நிகழ்வு ஒன்று இருக்கிறது. ஃபிரெட் இல்லாத பலகையில் அதிரும் கம்பி, விரலுக்கு முன்னால் பலகையை லேசாக உரசிக்கொண்டே போகிறது.

மீட்டிய பிறகு ஹார்மோனிக்குகள் எவ்வளவு நேரம் வாழும் என்பது கம்பியின் கையில் இருக்கிறது. சுற்றுகளுக்கு இடையே வியர்வையும் அழுக்கும் சேரச் சேர உள் உராய்வு கூடி, உயர்ந்த ஹார்மோனிக்குகள் சீக்கிரம் செத்துவிடும். ஃபோம் துண்டும் அதைத்தான் செய்கிறது. ஜேமர்சனின் 'தும்' என்ற திரண்ட ஒலியில் பாதி, கம்பியை மாற்றாததாலும் காசு பெறாத ஒரு ஃபோமாலும் வந்தது. பளிச்சென்ற ஒலி வேண்டுமென்றால் வழி நேர் எதிர்: மேற்பரப்பு தட்டையாக இல்லாத, புதிய உருட்டுச் சுற்றுக் கம்பி. புது கிட்டார் வாங்கியதும் ஒலி அற்புதமாக இருப்பதாகத் தோன்றினால், அதில் புதுக் கம்பிக்கு எவ்வளவு பங்கு என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், தொடுவது போலவே விடுவதும் வாசிப்புதான். ஈ கம்பியின் ஒரு முழு அதிர்வுக்கே 24 மில்லிநொடி பிடிக்கும். ஆகவே தாளம் எங்கே விழுந்தது என்பதைக் காதுக்குச் சொல்வது அந்த மெதுவான அதிர்வு அல்ல. விரல் கம்பியை விட்ட கணத்தில் எழும் சிறு 'டக்' ஒலி. பேஸ் கலைஞர் லேரி கிரஹாம் தன் அம்மாவோடு டிரம்மர் இல்லாமல் வாசித்த நாட்களில், கட்டைவிரலால் கம்பியை அடித்தும் விரலால் இழுத்துவிட்டும் அந்த 'டக்'கையே டிரம் ஆக்கினார். ஸ்லாப் வாசிப்பு அப்படிப் பரவியது. சுரத்தை எங்கே நிறுத்துவது, மற்ற கம்பிகள் தானாக அதிராமல் எப்படி அடக்குவது என்பதும் விரல்களின் வேலை. ஓயாமல் அதிரும் திறந்த கம்பி ஒன்று பாட்டைக் குழப்பினால், அதை எந்த ஈக்வலைசராலும் சரிசெய்ய முடியாது.

பிக்கப்புக்கு வருவோம். காந்தத்தைச் சுற்றி முடியளவு மெல்லிய தாமிரக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள் அது. இரும்புக் கம்பி அதன் மேல் அசையும்போது சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது, ஃபாரடே 1831இல் கண்டபடி. பிக்கப் எந்த இடத்தில் இருக்கிறது என்பது இரண்டாவது வடிகட்டி. விரலுக்கு இருந்த அதே அசையாப் புள்ளிக் கணக்கு இதற்கும் பொருந்தும். 1951இல் வந்த பிரிசிஷனையும் 1960இல் இரண்டு பிக்கப்புடன் வந்த ஜாஸ் பேஸையும் பிரித்துக் காட்டுவதில் பெரும்பங்கு பிக்கப்பின் இடத்துக்குத்தான். 1957இல் பிரிசிஷனின் பிக்கப்பை இரண்டு துண்டாக்கி எதிர்த்திசையில் சுற்றினார்கள். அதனால் மின்வயரிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. இங்கே கொடுத்த காசுக்கு உண்மையான பலன் உண்டு.

ஆம்ப் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 100 வாட் ஆம்பை விற்றுவிட்டு 200 வாட் வாங்கினால் ஒலி இரண்டு மடங்காகும் என்று நினைப்பது இயல்பு. கிடைப்பது 3 டெசிபல், சற்றே கூடுதல், அவ்வளவுதான். காதுக்கு இரு மடங்காகத் தோன்றச் சுமார் பத்து மடங்கு திறன் வேண்டும். நம் காது தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தமானது என்பது இன்னொரு சிக்கல். 40 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழத் தொடங்க, 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்குத் தேவையானதைவிட ஏறக்குறைய 50 டெசிபல் கூடுதல் வேண்டும். ஸ்பீக்கருக்கும் இது கடினமான வேலை. அதே அழுத்தத்தில் ஒரு ஸ்தாயி கீழே போக, அதன் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். ஆகவே மேடையில் சத்தம் போதவில்லை என்றால் வாட்டைக் கூட்டும் முன் ஸ்பீக்கர்களின் மொத்தப் பரப்பைப் பாருங்கள்.

சரி, இவ்வளவு கஷ்டமான ஒலி சின்ன ரேடியோவில் எப்படிக் கேட்டது? இளையராஜா பாடல்களின் பேஸ் வரிகளை டிரான்சிஸ்டரில் கேட்டு முணுமுணுத்த தலைமுறை ஒன்று இருக்கிறது. அந்த ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. மேலே உள்ள ஹார்மோனிக்குகள் மட்டும் வந்து சேர்ந்தன. அவற்றின் இடைவெளி சீராக 41.2 என்பதைக் கண்டு, கேட்காத அடிச்சுரத்தை மூளையே கேட்டுக்கொண்டது. கீழ்ப்பகுதியை ஏற்றிக்கொண்டே போனால் பேஸ் தெளிவாகும் என்பது அதனால்தான் தவறு. பல நேரங்களில் கூட்ட வேண்டியது நடுப்பகுதியை.

இதெல்லாம் தெரிந்தவர்களுக்கும் அடுத்த பேஸின் மேல் ஆசை வருகிறது. இசைக்கலைஞர்களிடையே அதற்கு 'காஸ்' என்று பெயர், கருவி வாங்கும் நோய் என்ற பொருள்படும் ஆங்கிலச் சுருக்கம். 1990களில் கிட்டாரிஸ்ட் வால்டர் பெக்கர் எழுதிய ஒரு பத்தியால் பரவிய சொல். அதே காலத்தில் மூளை ஆய்வாளர் உல்ஃபிராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார். விளக்கு எரிந்த பிறகு பழச்சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும், அதன் மூளையில் வெகுமதியை உணர்த்தும் டோபமைன் செல்கள் சாற்றுக்குத் துடிப்பதை நிறுத்திவிட்டு விளக்குக்கே துடித்தன. எதிர்பார்த்தபடி சாறு வந்தபோது கூடுதலாக ஒன்றும் நிகழவில்லை. இரவில் பேஸ் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம், பார்சல் வந்த மறுவாரத்தைவிட இனிப்பாக இருப்பது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கூடவே, கண் காதை வழிநடத்துகிறது. 2010இல் இண்டியானாபொலிஸில் 21 வயலின் கலைஞர்கள் கண்ணை மறைத்து வாசித்துப் பார்த்தபோது, அவர்களுக்கு மிகக் குறைவாகப் பிடித்தது ஒரு ஸ்ட்ராடிவாரியஸ். அதிகம் பிடித்தது ஒரு புது வயலின். கடையில் இரண்டு பேஸை ஒப்பிடும்போதும், ஒன்று இம்மியளவு சத்தமாக இருந்தால் அதுதான் நல்லது என்று தோன்றிவிடும். இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்திய பிறகே முடிவு செய்யுங்கள்.

வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐந்து கம்பி பேஸின் பி கம்பி 31 ஹெர்ட்ஸில் அதிர வேண்டும். 34 அங்குலத்தில் அது தளர்ந்து குழம்பினால் 35 அங்குலக் கருவிக்கு மாறுவது நியாயமான செலவு; விரல் வித்தையால் கம்பியின் நீளம் கூடாது. கனமான கருவியால் தோள் வலித்தால், எடை குறைந்ததற்கு மாறத்தான் வேண்டும். மற்றபடி ஆர்டர் போடும் முன், உங்களிடம் இருக்கும் பேஸில் ஒரே வரியை மூன்று இடங்களில் மீட்டிப் பதிவு செய்யுங்கள்: கழுத்தின் முனையருகே, பிக்கப்பின் மேல், பிரிட்ஜ் ஓரம். அதையே ஃபோம் வைத்து இன்னொரு முறை. மறுநாள், எது எங்கே மீட்டியது என்று பார்க்காமல் கேட்டு, நீங்கள் தேடும் ஒலி அந்த ஆறில் இருக்கிறதா என்று பாருங்கள்.