பாட்டு வீடியோ நீக்கப்பட்டதா? க்ளெய்மா, ஸ்ட்ரைக்கா என்று முதலில் பாருங்கள்

ஆசையாக ஏற்றிய பாட்டு வீடியோ யூடியூபில் முடங்கினால், 'உடனே கவுன்ட்டர் (நீக்கியதை எதிர்க்கும் நோட்டீஸ்) போடு' என்பார் ஒருவர், 'வீடியோவை அழித்துவிடு, தொல்லை விட்டது' என்பார் இன்னொருவர். வந்திருப்பது என்னவென்று தெரியாமல் இரண்டில் எதைச் செய்தாலும் சேனலுக்கே ஆபத்து.

மெயிலை வைத்து முடிவுக்கு வராதீர்கள். 'உங்களுக்கு ஸ்ட்ரைக்' என்று பொய் மெயில் அனுப்பி, இணைப்பைத் திறக்கவைத்துச் சேனலையே பறிக்கும் கும்பல்கள் உண்டு. சேனலை நிர்வகிக்கும் பக்கமான யூடியூப் ஸ்டுடியோவுக்குள் நீங்களே போய், 'கன்டென்ட்' பட்டியலில் அந்த வீடியோவுக்கு நேரே 'ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டுடியோவில் காட்டாத ஸ்ட்ரைக், ஸ்ட்ரைக்கே இல்லை.

க்ளெய்ம் என்றால் கன்டென்ட் ஐடி என்ற இயந்திரம், லேபிள் (பாட்டின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனம்) கொடுத்துவைத்த பதிவோடு உங்கள் வீடியோவை ஒப்பிட்டுப் பிடித்தது. விளம்பர வருமானம் லேபிளுக்குப் போகும், அல்லது சில நாடுகளில் வீடியோ தடுக்கப்படும். சென்னையில் ஓடுவது டொரன்டோவில் ஓடாமல் போவது இதனால்தான். வழக்கமாகச் சேனலுக்குப் பாதிப்பு இல்லை. வீடியோவை அழித்தால் க்ளெய்மும் போய்விடும். கல்யாண வீடியோவில் பின்னணியில் ஒலித்த பாட்டுதான் சிக்கியது என்றால் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். அந்தப் பகுதியை வெட்ட, பாட்டின் ஒலியை மட்டும் எடுக்க, வேறு பாட்டு வைக்க ஸ்டுடியோவிலேயே வசதி இருக்கிறது.

ஸ்ட்ரைக் அப்படியல்ல. உரிமையாளர் சட்டப்படி படிவம் நிரப்பி நீக்கச் சொல்லியிருக்கிறார். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனல் மூடப்படும். இங்கே வீடியோவை அழித்தால் ஸ்ட்ரைக் போகாது; 'காப்பிரைட் ஸ்கூல்' என்ற யூடியூபின் காப்புரிமைப் பாடத்தை முடித்து 90 நாள் காத்திருக்க வேண்டும். சில சமயம் உரிமையாளர் 7 நாள் அவகாசம் கொடுத்து நீக்கச் சொல்லியிருப்பார். அந்த ஏழு நாளுக்குள் நீங்களே அழித்தால் மட்டும் ஸ்ட்ரைக் விழாது.

இனி, எதிர்த்து வாதாட உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். 'காப்புரிமையை மீறும் நோக்கம் இல்லை', 'எல்லா உரிமையும் உரியவர்களுக்கே' என்று கீழே எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. பாட்டு உங்களுடையதல்ல என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகத்தான் ஆகும். காசு பார்க்கவில்லை என்பதும் செல்லாது. 15 விநாடிக்குள் இருந்தால் பரவாயில்லை என்று சட்டத்தில் எங்கும் இல்லை. சிடி வாங்கியவருக்கு வட்டுதான் சொந்தம். பாடகரே பார்த்து லைக் போட்டிருந்தாலும், சினிமாப் பாட்டின் பதிவுக்கு உரிமை பெரும்பாலும் அவரிடம் இருக்காது. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(ஏ)-யில் சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கு நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது. முழுப் பாட்டையும் ஓடவிட்டு 'விமர்சனத்துக்காக' என்று தலைப்புப் போட்டால் அதில் சேராது.

பழைய பாட்டு விஷயத்தில் இன்னும் குழப்பம். ஒலிப்பதிவுக்கு, வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு. 1964இல் வெளியான பதிவின் காலம் 2024 முடிவோடு தீர்ந்தது. ஆனால் வரிக்கும் இசைக்கும் கணக்கு வேறு: எழுதியவர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60. கண்ணதாசன் மறைந்தது 1981இல். அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு. பாரதியின் வரிகள் பொதுச்சொத்து, ஆனால் அவற்றைச் சினிமாவுக்குப் பாடிய பதிவு, அதற்குரிய 60 ஆண்டு முடியும்வரை அப்படியல்ல. பதிவு, இசை, வரி, படக்காட்சி நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றில் சிக்கினாலும் சிக்கல்தான்.

அதே சமயம், தியாகராஜர் கிருதியை நீங்களே பாடி ஏற்றியிருக்க, வேறு யாருடைய பதிவோ என்று இயந்திரம் பிடித்தால் விடாதீர்கள். இப்படி அடிக்கடி நடக்கிறது. டிஸ்ப்யூட் (க்ளெய்ம் தவறு என்று சொல்லும் மறுப்பு) போடுங்கள். க்ளெய்ம் வந்த 5 நாளுக்குள் போட்டால் முதல் நாளிலிருந்தே வருமானம் நிறுத்திவைக்கப்படும். பாடியவர் யார், எங்கே எப்போது பதிவு செய்தது, கிருதி யாருடையது என்று நாலு வரி போதும். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள்; சொல்லாவிட்டால் க்ளெய்ம் தானாக நீங்கிவிடும். தீர்ப்புச் சொல்பவர் யார் என்று கேட்காதீர்கள். உங்கள் மேல் க்ளெய்ம் போட்டவரேதான். அவர் மறுத்தால் அப்பீல் செய்யலாம், அதற்குப் பதில் சொல்ல 7 நாள். அப்பீலையும் ஏற்கவில்லை என்றால் அவர் நீக்கல் கோரிக்கை அனுப்பலாம், அது உங்கள் மேல் ஸ்ட்ரைக்காக விழும். பிடி இல்லாமல் அப்பீல் வரை போகாதீர்கள்.

ஸ்ட்ரைக் விழுந்தபின் மலிவான வழி, கொடுத்தவரையே வாபஸ் வாங்கவைப்பது. அவர் மெயில் முகவரி ஸ்டுடியோவிலேயே இருக்கும். வீடியோ இணைப்பு, பாட்டு வரும் நேரம், உங்கள் காரணம், வேண்டுகோள் என்று சுருக்கமாக எழுதுங்கள். லேபிள், தன் உரிமைகளைக் கவனிக்கும் ஏஜென்சியைக் கைகாட்டும், ஏஜென்சி லேபிளைக் கைகாட்டும், யூடியூபோ 'உரிமைத் தகராறில் தலையிடமாட்டோம்' என்று ஒதுங்கும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மெயிலில் எழுதினால் அலைச்சல் கொஞ்சம் குறையும். தனிச் செய்தியில் வந்து பணம் கொடுத்தால் எடுக்கிறேன் என்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்தச் செய்தியைப் படமெடுத்து யூடியூபுக்கு அனுப்புங்கள். 2019இல் இப்படிப் பொய் ஸ்ட்ரைக் போட்டு மிரட்டியவர் மேல் யூடியூபே அமெரிக்காவில் வழக்குப் போட்டது. அவர் 25,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்.

அந்த வழக்கிலேயே இன்னொரு குற்றச்சாட்டும் இருந்தது: கவுன்ட்டர் நோட்டீஸ் வழியாகக் கிடைத்த வீட்டு முகவரியை அவர் தவறாகப் பயன்படுத்தினார் என்பது. கவுன்ட்டர் போடுமுன் இதை நினைவில் வையுங்கள். அதில் எழுதும் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எல்லாம் எதிர்த்தரப்புக்குப் போகும். அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகார எல்லையை ஏற்கிறேன் என்றும், சொல்வது பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்றும் ஒப்புக்கொள்கிறீர்கள். 10 வேலைநாளுக்குள் அவர்கள் வழக்குப் போட்டதாகக் காட்டாவிட்டால் வீடியோ திரும்பும். வலுவான காரணம் இருந்து முகவரி தரத் தயக்கம் என்றால் வழக்கறிஞர் மூலம் அனுப்பலாம்.

நம் சட்டம் உதவாதா? காகிதத்தில் உதவும். பிரிவு 52(1)(சி), 2013ஆம் ஆண்டு விதிகளில் விதி 75 இரண்டின்படி, புகார் வந்தால் தளம் 36 மணி நேரத்தில் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்பத் தரலாம். தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதைவிட முக்கியம், யூடியூப் ஸ்ட்ரைக் அதன் சொந்தப் படிவத்தில், அமெரிக்கச் சட்டத்தை ஒட்டி வருவது. '21 நாள் ஆயிற்றே' என்று எழுதினால் அச்சடித்த பதில்தான் வரும். இந்தியச் சட்டத்தைச் சொல்லி வந்த நோட்டீஸுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

தளத்தின் இந்தியக் குறைதீர் அலுவலருக்கும் எழுதலாம். 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். அவர் முடிவில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே போகலாம். அலுவலருக்கு முதலில் எழுதாமல் நேரே அங்கே போனால் கதவு திறக்காது.

ஒரு லேபிளிடமிருந்து ஸ்ட்ரைக் வந்தால் அதே லேபிளின் மற்றப் பாட்டுகளையும் அன்றே அழியுங்கள். பிரைவேட்டில் போட்டால் போதும் என்று இருக்காதீர்கள். அழிக்குமுன், நம் தரவை இறக்கிக்கொள்ள கூகுள் தரும் வசதியான கூகுள் டேக்அவுட்டில் எல்லா வீடியோக்களையும் இறக்கி வையுங்கள்.