எட்டாம் வகுப்பு வரை காத்திருக்க முடியாது

வடசென்னையின் அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டும் என்றால், "அதான் பாடத்துலயே இருக்கே" என்பார்கள். எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் இருக்கிறது, பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம் இருக்கிறது. பெண்பிள்ளைகள் பலரோ ஆறு, ஏழு படிக்கும்போதே வயதுக்கு வந்துவிடுகிறார்கள். ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்கியாக வேண்டும். நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். ஆரம்ப ஆண்டுகளில் ஒரு மாதவிடாய்க்கும் அடுத்ததற்கும் 21 முதல் 45 நாள் இடைவெளி இயல்புதான். ரத்தப்போக்கு 7 நாளைத் தாண்டிப் போனால் டாக்டரைப் பார்க்க வேண்டும். கழிவறையில் தண்ணீர் வராத பள்ளியில் இதைச் சொல்லிப் பயனில்லை என்பது வேறு விஷயம்.

பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும் நேரத்தில் பையன்களை மைதானத்துக்கு விரட்டிவிடுகிறார்களே, அதுதான் ஆபத்து. விரை (விதைக்கொட்டை) முறுக்கிக்கொள்வது இந்த வயதில்தான் அதிகம். திடீரென்று கடும் வலி, வாந்தி வரும். ரத்த ஓட்டம் நின்றுபோவதால் 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். தாமதித்தால் எடுத்துவிட நேரும். வெட்கத்தில் "வயிறு வலிக்குது" என்று மட்டும் சொல்லும் பையனுக்குச் சோடா கொடுத்துப் படுக்கவைத்தால், ஸ்டான்லி ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தும் என்ன செய்ய? தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோயல்ல என்பதையும் பள்ளிதான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியர் காசு வாங்கிக்கொண்டு வேறு மாதிரி சொல்வார்.

கேள்விப்பெட்டி வைத்தால் எல்லோருக்கும் ஒரே அளவு சீட்டு கொடுங்கள். கேள்வி இல்லாதவரும் "ஒன்றுமில்லை" என்று எழுதிப் போடட்டும். யார் கேட்டது என்று தெரியாது. பதில் அடுத்த வகுப்பில். உடனே பிரித்துப் படித்தால் கையெழுத்தைக் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள்.

பெற்றோரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்குப் போகும் அம்மாக்களைக் காலைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் யார் வருவார்கள்?

இப்படிப் பேசத் தொடங்கினால் ஏதாவது ஒரு பிள்ளை தனக்கு நடந்த பாலியல் கொடுமையைப் பற்றி வாய் திறக்கும். அப்போது ஆசிரியர் துருவித் துருவிக் கேட்கக் கூடாது. "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பில்ல" என்று சொல்லி, பிள்ளையின் சொற்களை அப்படியே எழுதிவைத்தால் போதும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தகவல் தருவது கட்டாயம். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை "பள்ளிப் பேரு கெட்டுடும்" என்று தலைமையாசிரியர் மூடிமறைத்தால் ஓராண்டு வரை சிறை. வன்புணர்வு என்றால் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், ஆகவே பஞ்சாயத்து பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098.