மாத்திரை தொடங்கியதும் கவுட் வலி ஏன் கூடுகிறது?

கவுட் என்னும் மூட்டு அழற்சி நோய்க்காக, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் மாத்திரையை உட்கொள்ளத் தொடங்கிய இரண்டாம் வாரமே கால் பெருவிரல் மீண்டும் வீங்கிவிட்டதே, மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் அது மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் விளைவு.

உணவிலும் நம் உயிரணுக்களிலும் உள்ள பியூரின்கள் என்னும் வேதிப்பொருள்கள் சிதைந்து யூரிக் அமிலமாகின்றன என்பதும், அதைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது என்பதும் பலர் அறிந்தவை. கவுட் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வெளியேற்றமே குறைவாக இருக்கிறது. அதில் மரபணுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆகவே நோயாளியை வாயைக் கட்டாதவர் என்று பழிப்பது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

உடலின் 37 டிகிரி வெப்பத்தில் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 6.8 மில்லிகிராம் யூரேட்தான், அதாவது யூரிக் அமிலத்தின் உப்பு வடிவம்தான், கரைந்திருக்கும். குளிர்ச்சி கூடக் கூட இந்த அளவு குறையும். உடலின் நடுப்பகுதியைவிடக் குளிர்ந்த பெருவிரல் மூட்டில் ஊசி போன்ற படிகங்கள் விளைவதற்கு இதுவும் ஒரு காரணம். வியப்பு என்னவென்றால், இப்படிகங்கள் குருத்தெலும்பின் மேல் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிப் படிந்திருக்கக்கூடும். அவை உதிர்ந்து மூட்டுத் திரவத்தில் விழும்போதுதான் பெருவிழுங்கி அணுக்கள் அவற்றைக் கிருமியைப் போல விழுங்குகின்றன. விழுங்கியதைச் செரிக்க முடிவதில்லை. ஊசிகள் அணுவின் செரிமானப் பையைச் சிதைக்க, உள்ளே என்.எல்.ஆர்.பி.3 என்னும் புரதங்கள் ஒன்றுகூடி, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அபாயச் செய்தியை வெளியே அனுப்புகின்றன. அச்செய்தி கேட்டு நியூட்ரோபில்கள் என்னும் வெள்ளையணுக்கள் திரள்வதே அந்தத் தாங்கொணா வலி. படிகமே குற்றவாளி என்று நிறுவ, 1962இல் ஃபேர்ஸ், மெக்கார்ட்டி என்னும் இரு மருத்துவர்கள் தங்கள் முழங்கால்களிலேயே அதைச் செலுத்திக்கொண்டு, சில மணி நேரத்தில் துடித்துப்போனார்கள். அந்தத் துணிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மீது பெருமதிப்பு எழுகிறது.

இப்போது கேள்விக்கு வருவோம். இரத்தத்தில் யூரேட் குறைந்ததும் படிகங்கள் ஓரங்களில் கரைந்து, பிடி தளர்ந்து உதிர்கின்றன. உதிர்ந்தவை மேற்சொன்ன அதே கலவரத்தைக் கிளப்புகின்றன. அதனால்தான் மருத்துவர்கள் அல்லோபியூரினாலை நாளுக்கு 100 மில்லிகிராமோ அதற்கும் குறைவாகவோ தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதோடு, நியூட்ரோபில்களின் நடமாட்டத்தைத் தடுக்கும் கோல்சிசினையும் சிறு அளவில் மூன்று முதல் ஆறு மாதங்கள் சேர்த்துத் தருகிறார்கள். வலி வந்ததென்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவது தவறு. ஆனால் தோலில் தடிப்பு தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும். யூரேட் டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழேயே நிலைத்திருந்தால், பழைய படிவுகள் மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ கரைந்து தீரும்.