உருகும் இழையும் ஒட்டும் துணியும்

தீக்காயப் பிரிவுக்கு நோயாளியை அழைத்து வரும் உறவினர்கள், நல்லது செய்துவிட்ட நிறைவோடு அடிக்கடி சொல்வது இது: "சேலை உடம்போட ஒட்டிக்கிச்சு டாக்டர், நாங்களே உரிச்சு எடுத்துட்டோம்." சேலையோடு தோலும் உரிந்து போயிருக்கும். துணி ஏன் ஒட்டுகிறது என்று விளக்கப் புகுந்தால், நைலான் பிறந்த கதைக்கே போக வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் நடத்திய ஆய்வுக்கூடத்தில், 1930இல் ஜூலியன் ஹில் என்பவர் உருகிய பாலியெஸ்டர் குழம்பைக் கோலால் தொட்டு இழுத்தபோது, அது பட்டுபோல மின்னும் நூலாக நீண்டது. ஆறிய பின் மேலும் இழுத்தால் வலிமையும் கூடியது. ஆனால் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும் அந்த இழை வெந்நீரையும் இஸ்திரியையும் தாங்காது என்பதால் ஆடைக்கு உதவவில்லை. 1935 பிப்ரவரி 28 அன்று, அடிபிக் அமிலத்தையும் ஹெக்ஸாமெத்திலீன் டையமீனையும் இணைத்து அதே குழு உருவாக்கிய நைலான் 6,6 ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸ் வரை உருகாமல் நின்றது. சலவைக்கு அது போதும். அடுப்புத் தீக்குப் போதாது.

முதலில் 1938இல் பன்றி மயிருக்கு மாற்றாகப் பல்துலக்கியில் நுழைந்த நைலான், 1940 மே 15 முதல் அமெரிக்கா முழுவதும் பெண்களின் காலுறையாக விற்பனைக்கு வந்தது. பின்னர் உலகப் போரில் ஜப்பானியப் பட்டின் இடத்தைப் பிடித்து பாராசூட்டாகவும் கயிறாகவும் மாறியது. உடம்பைச் சுற்றி ஆறு கஜமும் தோளில் தொங்கும் முந்தானையுமாக அடுப்பின்முன் நிற்கும் உடை இந்தப் பட்டியலில் இல்லை.

நைலான் மீது எனக்குப் பகை ஏதும் இல்லை. நாள்தோறும் தோலைத் தைப்பதே நைலான் இழையால்தான். ஆனால் இந்த நூலை ஆக்கும் முறையே, உருக்கி, நுண்துளைகளின் வழியே பிதுக்கி, குளிரவைத்து இழுப்பது. தீப்பட்டால் அது மீண்டும் உருகித் தோலில் பிசினாகப் படிந்து, தீ அணைந்த பிறகும் சூட்டைக் கொடுத்துக் காயத்தை ஆழமாக்குகிறது. ஹில் இழுத்த இழையைவிடச் சூடு தாங்கும் வேறு வகையாக, இன்று நைட்டிகளிலும் சேலைகளிலும் மிகுந்திருக்கும் பாலியெஸ்டரின் இயல்பும் இதுவே. பருத்தி உருகாது என்றாலும் எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதை மறைக்கக் கூடாது. இரண்டும் கலந்த துணியிலோ, எரியும் பருத்தி இழைகள் உருகிய பாலியெஸ்டரை விளக்குத் திரிபோலத் தாங்கிப் பிடித்து எரியவிடுகின்றன.

தீயை அணைத்தவுடன் காயத்தின்மேல் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். பற்பசை, மை, மாவு எதையும் பூச வேண்டாம். ஒட்டாத துணியைக் கத்தரித்து நீக்குங்கள். வளையல், மோதிரம் போன்றவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். ஒட்டிய துணியை அப்படியே விட்டு, சுத்தமான துணியால் தளர்வாக மூடி அழைத்து வாருங்கள்; அதை வலிக்கு மருந்து கொடுத்த பிறகு நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.