பன்னிரண்டு ஸ்ட்ரா, கொஞ்சம் நூல்

ஒரே நீளத்தில் 12 காகித ஸ்ட்ராக்களை வெட்டி, நூலில் கோத்து, கனசதுரமாகக் கட்டிப் பாருங்கள். கையை எடுத்ததும் சாய்ந்து மேசையில் படுத்துவிடும். அதே பன்னிரண்டையும் அவிழ்த்து, எட்டு முக்கோண முகங்கள் கொண்ட எண்முகியாகக் கட்டினால் உருட்டிவிட்டாலும் குலையாது. முதல்முறை நான் நூலைத்தான் குறை சொன்னேன், இன்னும் இறுக்கினேன். ஸ்ட்ராவின் வாய் நசுங்கியதுதான் மிச்சம்.

கோளாறு முடிச்சில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. ஸ்ட்ராக்கள் கூடும் ஒவ்வொரு முனையும் நகர மூன்று திசைகள் உண்டு. அதனால் முனைகளை மூன்றால் பெருக்க வேண்டும். உருவத்தை முழுசாக நகர்த்துவதற்கும் திருப்புவதற்கும் ஆறைக் கழித்துவிடலாம். மிச்சமுள்ள ஒவ்வோர் அசைவையும் அடக்க ஒரு ஸ்ட்ரா வேண்டும். 1864இல் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் சொன்ன கணக்கு இது. எண்முகிக்கு 6 முனை: 18இல் 6 போக 12. கையில் இருப்பதும் 12. கனசதுரத்துக்கு 8 முனை: 24இல் 6 போக 18. ஆறு ஸ்ட்ரா குறைகிறது.

அந்த ஆறையும் முகத்துக்கு ஒன்றாக மூலைவிட்டத்தில் வைக்கலாம். பக்கம் 10 செ.மீ. என்றால் மூலைவிட்டம் 14.1 செ.மீ. வரும். ஆறும் நான்கே முனைகளில் கூடும்படி கட்டினால், கனசதுரத்துக்குள் நான்கு முக்கோண முகங்கள் கொண்ட ஒரு நான்முகி உட்கார்ந்திருக்கும். அவற்றை மட்டும் சிவப்பில் வெட்டுவது என் வழக்கம்.

கோக்கும் வழியிலும் எண்முகிதான் சமர்த்து. முனைக்கு 4 ஸ்ட்ரா. இரட்டைப்படை என்பதால் நூல் உள்ளே வரும் ஒவ்வொரு தடவையும் வெளியேற வழியுண்டு. எதிலும் இரண்டாம் முறை நுழையாமல், ஒரே நூல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். இரண்டாம் தடவை ஒரு முனையைக் கடக்கையில் பழைய நூலை ஒரு சுற்றுச் சுற்ற மறக்கக் கூடாது. இல்லையென்றால் முனை இரண்டாகப் பிரிந்து நிற்கும். கனசதுரத்தில் முனைக்கு 3. புறப்பட்ட இடத்துக்கே திரும்ப, குறைந்தது நான்கு ஸ்ட்ராவிலாவது நூல் இருமுறை போயாக வேண்டும். கோனிக்ஸ்பெர்க் நகரின் பாலங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறை மட்டும் கடக்க முடியுமா என்று கணிதவியலாளர் ஆய்லர் ஆராய்ந்த அதே புதிர்தான்.

அட்டையில் செய்தால் கனசதுரமும் நிற்கும், ஏனென்றால் முகங்களே விறைப்பானவை. குழிவே இல்லாத எந்த மூடிய பன்முகியும் (தட்டையான முகங்களால் ஆன உருவம்) அப்படி நிற்கும் என்று 1813இல் கணிதவியலாளர் கோஷி நிறுவினார். குழிவு இருந்தால் கதை வேறு. மூடியிருந்தும் மடங்கி அசையும் பன்முகி ஒன்றை 1977இல் ராபர்ட் கானெல்லி கண்டுபிடித்தார். பின்னர் ஸ்டெஃபன் அதைவிட எளிதான ஒன்றைத் தந்தார்: 14 முக்கோணங்கள், 9 முனைகள். மேக்ஸ்வெல் கணக்கில் அதற்கு 21 விளிம்பு வேண்டும், 21 இருக்கிறது. இருந்தும் கையில் எடுத்தால் மெல்ல அசைகிறது.