கரையில் தொலையும் மின்சாரம்

"பெரோவ்ஸ்கைட் பேனல் வரப்போகுதாமே, அதுவரைக்கும் பொறுத்திருக்கலாமா சார்?" திருவொற்றியூர் வாசகர் ஒருவரின் கேள்வி. சிலிக்கானுக்குப் பதிலாக வெயிலை மின்சாரமாக்கும் ஒருவகைப் படிகம்தான் பெரோவ்ஸ்கைட்; ஈயமும் அயோடைடும் சேர்ந்தது. வேண்டாம், இப்போது கிடைக்கிற சிலிக்கான் பேனலையே மாடியில் போட்டுவிடுங்கள்.

2009-ல் ஜப்பானில் மியாசாகா குழு செய்த முதல் பெரோவ்ஸ்கைட் செல், வெயிலில் 3.8 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது. இன்று ஆய்வகங்களில் 26-ஐத் தாண்டியாயிற்று. கரைசலைக் கண்ணாடிமேல் பூசிச் சூடாக்கினால் அரை மைக்ரான் தடிமனில் கருப்புப் படலம். வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரான் ஒரு பக்கம், அது விட்டுப்போன நேர்மின் வெற்றிடமான துளை மறுபக்கம். பள்ளிப் பாடம்தான்.

என்னை இழுப்பது அந்தப் படலம் முடிகிற இடம். படிகத்துக்குள் ஒவ்வொரு ஈய அயனியையும் ஆறு அயோடைடுகள் சூழ்ந்திருக்கும். மேற்பரப்பில் அந்த வரிசை அறுந்துபோவதால் சில ஈய அயனிகளுக்கு ஆள் குறையும். அந்தக் காலி இடத்தில் எலக்ட்ரான் மாட்டும், துளையும் வந்து சேரும், இரண்டும் வெறும் சூடாகிப் போகும். காசிமேட்டில் படகு நிறைய மீன் வந்தும், இறக்கி ஏலத்துக்குப் போவதற்குள் காக்கையும் பூனையும் கொத்திக்கொண்டு போகிற கதை.

அதனால் வைத்தியமும் கரையில்தான். ஃபீனெத்தில் அம்மோனியம் அயோடைடு என்ற உப்பை மேலே லேசாகப் பூசுவார்கள். அதன் அயோடைடு காலி இடத்தை அடைக்கும். அம்மோனியம் முனை படிகத்தில் பதிய, பென்சீன் வளையம் வெளியே நீட்டிக்கொண்டு ஈரத்தைத் தள்ளும். அடிப்பக்கம் இன்னும் அழகு. கார்பசோல் தலையும் பாஸ்போனிக் அமிலக் காலும் உள்ள மூலக்கூறுகள், ஒரே அடுக்காகத் தாமே அணிவகுத்து நிற்கும். கால், கண்ணாடிமேல் மின்சாரம் கடத்தப் பூசியிருக்கும் ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும். தலை துளையை மட்டும் வாங்கிக் கடத்தும். வேலை ஒழுங்காக நடந்ததா என்று பார்க்க, படலத்தின்மேல் லேசர் அடித்தால் போதும், அதுவே ஒளிரும்! சூடாகத் தொலையாத எலக்ட்ரான்-துளை ஜோடிகள் ஒளியாகத் திரும்புகின்றன. ஒளிர்வு கூடினால் வோல்ட்டேஜும் கூடும்.

ஆனாலும் ஈரம் உள்ளே புகுந்தால் கருப்பு மஞ்சளாகிவிடும். மிஞ்சுவது ஈய அயோடைடு. சாதனை எண்கள் எல்லாம் நகத்தளவு செல்லில் வந்தவை. அதனால்தான் காத்திருக்க வேண்டாம் என்றேன். நிதி ஒதுக்குவது என் கையில் இருந்தால், அடுத்த அரை சதவீதத்துக்குக் கொடுப்பதை நிறுத்தி, எண்ணூரில் ஒரு மொட்டைமாடியைப் பிடித்து, உப்புக்காற்றில் பேனல்களை வருடக்கணக்கில் காயப்போடுவேன்.

வாஸ்துப்படி எந்த மூலை என்றும் அந்த வாசகர் கேட்டிருந்தார். நிழல் விழாத மூலை. தெற்கு பார்த்து, சுமார் 13 டிகிரி சாய்த்து வையுங்கள். நம் பக்கத்துத் தூசுக்கு அடிக்கடி கழுவவும் வேண்டியிருக்கும். மாடியில் ஒரு குழாய் போட்டு வையுங்கள்.